ஒரே கணக்கிலிருந்து ஒன்பது பதிவுகள்

புதிதாக வந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் மேடம் என்று ஆபீசில் கேட்டார்கள். மூன்று வாரம் தட்டிக் கழித்துப் பார்த்தேன், விடவில்லை. ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேலை என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. எனக்கு நிறைய வேலை இருக்கிறது. தூங்குவது அதில் முக்கியமானது. முப்பது வருடத்துத் தூக்கம் பாக்கி கிடக்கிறது.

வெளிக் கம்பெனி நடத்தும் பணம் வாங்கும் சேவையை நம் வெப்சைட்டில் எப்படி இணைப்பது என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. அந்தக் கம்பெனிக்காரர்களே பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள், படித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாளில் முடிகிற வேலை. முடிந்த பிறகு நடப்பதைப் பற்றி அவர்கள் எழுதவில்லை. அதை எழுதவும் அவர்களால் முடியாது. அவர்கள் எங்கோ ஏசி அறையில் இருக்கிறார்கள், பணம் கட்டுகிறவர்கள் இங்கே தஞ்சாவூர் ஜில்லாவில் இருக்கிறார்கள்.

முதலில் சின்னதாக ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் முதன்முதலில் பணம் வாங்கும் வசதி வைத்துக் கொடுத்தது கும்பகோணத்தில் ஒரு காபிப்பொடிக் கடைக்கு. பரிசோதனைக்கு என்று ஒரு போலிப் பக்கம் உண்டு. அதில் பணம் எதுவும் போகாது. ‘வெற்றி’, ‘தோல்வி’ என்று இரண்டு பொத்தான்கள் மட்டும் இருக்கும், எதை அழுத்துகிறோமோ அதுதான் முடிவு. அந்தப் பரிசோதனைப் பக்கத்தை மாற்றாமலே கடையைத் திறந்து வைத்துவிட்டேன். இரண்டு நாளில் ஏகப்பட்ட ஆர்டர். கடைக்காரர் பொட்டலம் கட்டிக் கட்டி அனுப்பிக்கொண்டிருக்கிறார், வங்கியில் ஒரு பைசா ஏறவில்லை. கடைசியில் மன்னார்குடியிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். “நான் இன்னும் காசே கட்டலியேங்க, அப்புறம் எப்படி நான் வெற்றின்னு அமுக்குறது?” என்று கேட்டார். அவர் ஒருவர்தான் ‘தோல்வி’யை அழுத்தியிருந்தார். கடைக்காரர் நல்லவர், என்னைத் திட்டிவிட்டு ஒரு டம்ளர் காபியும் கொடுத்தார். அந்தக் காபியை எப்படிக் குடித்தேன் என்று கேட்காதீர்கள்.

அதை நான் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அடுத்ததை ஆபீசில் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. கூட இருந்த பாஸ்கருக்கு மட்டும் தெரியும். அவரும் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறார்.

பட்டுக்கோட்டையில் ஒருவர் அறுவடை மிஷின்கள் வைத்திருந்தார். சொந்தமாகச் சில வண்டிகள், சீசனுக்குப் பெரம்பலூர்ப் பக்கமிருந்து வரவழைக்கும் வண்டிகள் சில. ஓனர் என்றுதான் நாங்கள் அவரைக் கூப்பிடுவோம். சம்பா அறுப்பு வந்துவிட்டால் புரோக்கர்களுக்குக் கொண்டாட்டம். வண்டிகளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, கதிர் முற்றித் தவிக்கிற ஆளிடம் மணிக்கு இவ்வளவு கூடக் கொடு என்று பிடுங்குவார்கள். விவசாயி நேரடியாக எங்கள் வெப்சைட்டில் அட்வான்ஸ் கட்டி, நாளும் வண்டியும் பதிவு செய்துகொள்ளலாம், நடுவில் எவனும் வேண்டாம் என்பதுதான் ஓனரின் ஆசை. எனக்கும் அது பிடித்திருந்தது. என் அப்பா பாபநாசத்தில் புரோக்கர்களிடம் கெஞ்சியதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த வேலையைக் கொஞ்சம் ரோஷத்தோடு செய்தேன். ரோஷம் வந்தால் கண் சரியாகத் தெரியாது என்பது அப்போது உறைக்கவில்லை.

முதல் வருடம் நன்றாக ஓடியது. இரண்டாம் வருடம் தை மாதம், பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில், வியாழக்கிழமையிலிருந்து மழை என்று டிவியில் சொல்லிவிட்டார்கள். தை மழை என்றால் என்னவென்று உங்களில் வயல் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். முற்றின கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்தால் மூன்றாம் நாள் முளைவிட்டுவிடும். முளைத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். அந்தத் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பதிவைத் திறந்தோம். செவ்வாய், புதன் இரண்டு நாளுக்கான பெல்ட் வண்டிகள் முழுக்க அரை மணி நேரத்தில் தீர்ந்துவிட்டன. ஈர வயலில் பெல்ட் வண்டிதான் இறங்கும், டயர் வண்டி புதைந்துவிடும். காத்திருப்போர் பட்டியலில் நாற்பது பேருக்கு மேல் நின்றார்கள்.

எட்டரை மணிக்கு ஓனர் போன் செய்தார்.

“மேடம், லிஸ்ட்டப் பாத்தீங்களா? ஒரே கணக்குலேர்ந்து ஒம்பது பேருக்குப் பணம் வந்திருக்கு. எவனோ புரோக்கர் உள்ள பூந்துட்டான்.”

பார்த்தேன். ஒன்பது பெயர், ஒன்பது போன் நம்பர். எல்லாம் அதிராம்பட்டினம் போகிற வழியிலுள்ள கடைமடை ஊர்கள். ஆற்றுத் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற இடம், அதனால் அறுப்பும் அங்கே தாமதம். பணம் மட்டும் ஒன்பதுக்கும் ஒரே கணக்கிலிருந்து வந்திருந்தது. கணக்கின் பெயர் ஏதோ ஸ்டோர்ஸ் என்று இருந்தது. புரோக்கர்கள் பாதிப் பேர் உரக்கடை வைத்திருப்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

பக்கத்து மேஜையிலிருந்து பாஸ்கர் எட்டிப் பார்த்தார். எங்கள் ஆபீசில் சோதனை வேலை அவருடையது, அதிகம் பேச மாட்டார். “நம்பர் இருக்கே மேடம். ஒரு ஆளக் கூப்பிட்டுக் கேட்டுடலாமே” என்றார்.

“கேட்டா? ஆமாங்க நான் புரோக்கர்தாங்கன்னு சொல்லுவானா? நாப்பது பேர் காத்துக்கிட்டிருக்காங்க பாஸ்கர்” என்றேன்.

இந்த இடத்தில் நில்லுங்கள். என்ன அவசரம் எனக்கு? மழை வியாழக்கிழமை. வண்டி இறங்குவது செவ்வாய்க்கிழமை. அன்று திங்கட்கிழமை காலை எட்டரை. ஒரு போன் பேச இரண்டு நிமிடம் போதும். ஆனால் ஓனர் லைனில் இருந்தார், “என்ன மேடம், தூக்கிட்டீங்களா, தூக்கிட்டீங்களா” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய அவசரத்தை நான் என் அவசரமாக எடுத்துக்கொண்டேன். இத்தனை வருடத்தில் நான் செய்த பெரிய தப்புகளில் முக்கால்வாசி இப்படி அடுத்தவர் அவசரத்தில் செய்ததுதான்.

ஒன்பதையும் தேர்ந்தெடுத்து ரத்து செய்தேன். ரத்து செய்தால் பணம் தானாகத் திரும்பிப் போகும்படியும், காலியான இடம் தானாகக் காத்திருப்போருக்குப் போகும்படியும் நான்தான் எழுதி வைத்திருந்தேன். அழகாக வேலை செய்தது. நான்கு நிமிடத்தில் வேறு ஒன்பது பேர் பணம் கட்டி அந்த இடங்களை எடுத்துக்கொண்டார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. அப்பா இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

பத்து மணி சுமாருக்கு ஒரு பெண் போன் செய்தார். வளர்மதி என்று பெயர் சொன்னார். ஒன்பதில் ஒருவர்.

“மேடம், புதன்கிழமை வண்டி போட்டிருந்தேன். ரத்துன்னு மெசேஜ் வந்திருக்கு. சந்தேகத்துக்குரிய பணம்னு போட்டிருக்கு. எங்க மேல என்ன சந்தேகம் மேடம்?”

அந்த வாசகத்தையும் நான்தான் எழுதியிருந்தேன். பணத்தை யார் கட்டியது என்று கேட்டேன்.

“பாய் கடையிலதான் கட்டுனோம். நாங்க எல்லாருமே அங்கதான் மேடம் கட்டுவோம். கரண்ட் பில்லு, கேஸு, புள்ளைக்கு காலேஜ் பீஸு எல்லாமே. ரொக்கமா கையில குடுத்துடுவோம், பாய் அவரு போன்லேர்ந்து கட்டிருவாரு.”

பாபநாசத்தில் என் அம்மாவுக்கும் மருந்துக்கடைக்காரர்தான் கரண்ட் பில் கட்டிக்கொண்டிருந்தார். ஊரில் பாதிக்கு அவர்தான் கட்டினார். மாதா மாதம் அம்மா அதைச் சொல்ல, நானும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும், ஒரு ஆள், ஒரு போன், ஒரு கணக்கு என்று பேமெண்ட் கம்பெனிக்காரன் எழுதி வைத்த உலகத்துக்குள் போய்விட்டேன். அந்த உலகத்தில் பாய் கடை இல்லை.

“வேற நாள் போட்டுத் தர்றீங்களா?” என்று கேட்டார் வளர்மதி. நான் தயங்கியதும் அவர் குரல் இறங்கிவிட்டது. “பத்து மா நெலம் குத்தகைக்கு எடுத்துச் செய்றேன் மேடம். போன வருசமே குத்தகை நெல்லு கொறையாத்தான் அளந்தேன். இந்த வருசமும் கொறஞ்சா வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னு நெலத்துக்காரர் சொல்லிட்டாரு. மழைக்கு முன்னால அறுத்தே ஆவணும்.”

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தேன். பேமெண்ட் கம்பெனியைக் கூப்பிட்டேன். திருப்பி அனுப்பிய பணத்தைப் பாதி வழியில் நிறுத்த முடியாது, ஐந்திலிருந்து ஏழு வேலை நாள் ஆகும் என்றார் அங்கே ஒரு பெண், மிகவும் மரியாதையாக. அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. முதல் பக்கத்திலேயே அதைத்தான் எழுதியிருந்தார்கள்.

பிறகு ஓனரிடம் சொன்னேன். அவர், “சரி மேடம், இப்ப புதுசா வந்த ஒம்பது பேரையும் தூக்கிருங்க. இவங்கள எப்படித் தூக்குனீங்களோ அதே மாதிரி” என்றார்.

முடியாது என்று சொன்னேன். அவர்களும் ஒழுங்காக வரிசையில் நின்று பணம் கட்டியவர்கள். காலையில் செய்த அநியாயத்தை மத்தியானம் வேறு ஒன்பது பேருக்குச் செய்தால் கணக்கு நேராகிவிடாது. அது சரியான முடிவு என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நினைத்து என்ன செய்ய, மேலே படியுங்கள்.

பாஸ்கரும் நானும் பஸ் பிடித்துப் பட்டுக்கோட்டை போனோம். அங்கிருந்து ஓனர் காரில் பாய் கடைக்குக் கூட்டிப்போனார். சின்ன மளிகைக் கடை. வாசலில் ஒன்பது பேரும் நின்றார்கள். பாய் எழுந்து நாற்காலி போட்டார். ஒன்பது பேருடைய ரொக்கத்தையும் அவர் தன் கல்லாவிலிருந்து அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தார். வங்கியிலிருந்து அவருக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை.

“பணம் எங்கம்மா போயிடப் போவுது, என்னைக்காவது வரும். அது வர்றதுக்குள்ள மழை வந்துருமே, அதுக்கு ஒரு வழி சொல்லுங்க” என்றார்.

கூட்டத்தில் ஒருவர் என்னைப் பார்த்து, “கம்ப்யூட்டர் வந்தா புரோக்கர் ஒழிஞ்சிருவான்னீங்க. புரோக்கர் காசு புடுங்குவான், ஆனா நம்ம சொல்றதக் காதுகுடுத்துக் கேப்பான்” என்றார்.

அங்கே ஒரு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு வேலையைத் தொடங்கினேன். வெப்சைட்டில் பணம் கட்டிய நேரப்படிதான் வண்டி போகும். ஆனால் வயலில் அப்படி இல்லை. ஒரு வாய்க்காலில் வண்டி இறங்கினால் பக்கத்துப் பக்கத்து வயலையும் அறுத்துவிட்டுப் போவதுதான் வழக்கம், ஏற்றி இறக்குகிற நேரம் மிச்சம். அந்தப் பக்கத்தில் யார் யாருக்கு வண்டி வருகிறது என்று பார்த்து, ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, உங்கள் வயலை முடித்ததும் பக்கத்து வயலில் ஒரு மணி நேரம் வண்டியை விட முடியுமா என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். இரண்டு பேர் திட்டினார்கள். மற்றவர்கள் சரி என்றார்கள். ஒருவர், “இதக் கேக்கணுமாம்மா? வரச் சொல்லுங்க” என்றார். ஓனர் டிரைவர்களுக்குக் கூடுதல் கூலி தன் கையிலிருந்து தருவதாக ஒத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை ஐந்து வயல்கள் முடிந்தன. புதன்கிழமை மேலும் மூன்று. மிச்சம் வளர்மதியின் வயல்.

அவருடைய வயலுக்குத் தனி வழி கிடையாது. முன்னால் இருக்கிற வயலை அறுத்து முடித்தால்தான் வண்டி உள்ளே போக முடியும். முன் வயல்காரரும் ஒன்பதில் ஒருவர். இருவரும் பேசி வைத்துத்தான் புதன்கிழமை காலைக்கு அடுத்தடுத்துப் பதிவு செய்திருந்தார்கள். என் ஏற்பாட்டில் முன் வயலுக்கு வண்டி வரவே புதன் சாயங்காலம் ஆகிவிட்டது. அதை அறுத்து முடித்தபோது இருட்டிவிட்டது, பனி இறங்கிக் கதிர் நமத்துப்போனது, நமத்த கதிர் மிஷினில் அடைத்துக்கொள்ளும். டிரைவர் வளர்மதியிடம், “காலையில மொத வேல உங்களுதுதாம்மா, வண்டிய இங்கயே நிறுத்திட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

வியாழன் விடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை. வண்டி வரப்போரத்தில் நனைந்துகொண்டு நின்றது.

அடுத்த வாரம் நான் போய்ப் பார்த்தேன். கதிர் முழுக்கச் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. வளர்மதி இரண்டு பெண்களைக் கூலிக்கு வைத்துக்கொண்டு, கையால் அறுக்க முடிந்ததை அறுத்து ரோட்டில் காயப்போட்டிருந்தார். நெல்லில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. ஓனர் கொடுத்ததையும் என்னுடையதையும் சேர்த்து ஒரு கவரில் கொண்டுபோயிருந்தேன். வேண்டாம் என்று சொல்வார், நான் வற்புறுத்திக் கொடுப்பேன் என்றெல்லாம் பஸ்ஸில் யோசித்துக்கொண்டு போனேன். அவர் பேசாமல் வாங்கிக்கொண்டார். அது கூலிக்கும் உர பாக்கிக்கும் போதும், குத்தகைக்குக் காணாது. இரண்டு பேருக்குமே அது தெரியும். டீ குடிக்கிறீர்களா என்று கேட்டார். குடித்தேன்.

ஆபீசுக்கு வந்து ப்ரோக்ராமை மாற்றினேன். ஒரே கணக்கிலிருந்து பல பேருக்குப் பணம் வந்தால் இப்போது நம் திரையில் மஞ்சளாக ஒரு கோடு வரும், அவ்வளவுதான். ரத்து செய்யும் பொத்தானுக்கு முன்னால் போன் பொத்தான் இருக்கும். பேசி, பேசிய விவரத்தை எழுதாமல் ரத்துப் பொத்தான் திறக்காது. பணம் திரும்பிப் போவதற்கு இரண்டாவது ஆள் ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும். எதற்கு மேடம் இத்தனை தொல்லை என்று உங்களில் ஒருவர் போன மாதம் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று ஒரு வேலை செய்தேன், அதற்குத்தான். தயவுசெய்து அதை எடுத்துவிடாதீர்கள்.

உங்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பணம் சம்பந்தப்பட்ட ப்ரோக்ராமில், திருட்டுத்தனம் செய்கிறவனைப் பிடிக்க வேண்டும் என்கிற வெறி எல்லோருக்கும் வரும். வரட்டும். ஆனால் வழக்கத்துக்கு மாறாக ஒன்றைப் பார்த்தால், யாருடைய வழக்கத்துக்கு மாறாக என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நான் பார்த்தது பேமெண்ட் கம்பெனியின் வழக்கத்துக்குத்தான் மாறாக இருந்தது. அந்த ஊரில் அதுதான் நடைமுறை.

அடுத்த தை மாதமும் பதிவு திறந்தோம். காலை ஏழு மணிக்குள் பாய் கணக்கிலிருந்து பதினான்கு பதிவுகள். மஞ்சள் கோடு வந்தது. பாஸ்கர், “பாய் வந்துட்டார் மேடம்” என்றார். ஓனரும் அதையே போனில் சொல்லிச் சிரித்தார். நான் பதினான்கு பெயரையும் மேலிருந்து கீழே படித்தேன். மறுபடியும் படித்தேன். வளர்மதி பெயர் இல்லை. ஒருவேளை தானாகவே கட்டியிருப்பாரோ என்று முழுப் பட்டியலிலும் தேடினேன். போன வருடப் பதிவிலிருந்து அவர் நம்பரை எடுத்துக் கூப்பிட்டேன்.

எடுத்தார். யார் என்று சொன்னேன். பின்னால் ஒரே இரைச்சலாக இருந்தது.

“இந்த வருசம் இன்னும் வண்டி போடலியேன்னு பாத்தேன்” என்றேன்.

“நெலம் போயிருச்சு மேடம். சித்திரையிலயே வேற ஆளுக்குக் குடுத்துட்டாரு. நான் இப்ப திருப்பூர்ல இருக்கேன், தங்கச்சி வூட்ல. பனியன் கம்பெனி வேல.”

உடம்பு எப்படி இருக்கிறது, பிள்ளை படிக்கிறானா என்று என்னவோ கேட்டேன். அவரும் பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு, “எதுக்கு மேடம் கூப்பிட்டீங்க?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்ல. ஒங்க பேரு காணுமேன்னு, ஒரு வார்த்த கேட்டுரலாம்னுதான்.”

இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

“இத அன்னைக்குக் கேட்டிருக்கலாமே மேடம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சூப்பர்வைசர் வருகிறார் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.